ஒரு மெனு அட்டை, நடுவில் ஒரு மடிப்பு

(புதுச்சேரி வாசகர் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் பேச்சுக்குக் ‘கம்போடியாவும் பிரான்சும் ஒரே தட்டில்’ என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் பேசப்போகிற உணவகங்களில் இந்த இரண்டும் ஒரே தட்டுக்கு வருவது அபூர்வம். மெனு அட்டையைத் திறந்தால் ஒரு பக்கம் கெமர் சமையல், அதாவது கம்போடியச் சமையல், மறு பக்கம் பிரெஞ்சுச் சமையல், நடுவில் ஒரு மடிப்பு. அந்த மடிப்பு எப்படி விழுந்தது என்பதுதான் இன்றைய விஷயம். தலைப்புக் கொடுத்த நண்பர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அமெரிக்காவில் பாஸ்டனை ஒட்டி சாமர்வில் என்று ஓர் ஊர். 1991இல் அங்கே ‘எலிஃபன்ட் வாக்’ என்ற உணவகத்தைத் திறந்தார்கள். கம்போடியச் சமையல், பிரெஞ்சுச் சமையல் இரண்டும் ஒரே அடுப்படியிலிருந்து வந்தன. நடத்தியது லாங்டேன் டி மோன்டெய்ரோ என்ற அம்மையாரின் குடும்பம். அவருடைய கணவர் கம்போடியத் தூதராக இருந்தவர். 1975 ஏப்ரலில் கம்போடியத் தலைநகர் புனோம் பென், கம்யூனிஸ்ட் படையான கெமர் ரூஜ் கையில் விழுந்தபோது அவருக்குத் தைவானில் பணி. திரும்பிப் போக நாடு இல்லை. தென் பிரான்சில் பெசியே என்ற ஊருக்குப் போய் அங்கே ஓர் உணவகம் வைத்தார்கள். அதற்கு ‘அம்ரிதா’ என்று பெயர். அங்கிருந்துதான் அமெரிக்கா. 1998இல் ‘எலிஃபன்ட் வாக்’ பெயரிலேயே ஒரு சமையல் புத்தகமும் வந்தது.

ஒரே கடையில் எதற்கு இரண்டு சமையல் என்று கேட்டால், வியாபாரம் என்று சட்டென்று பதில் வரும். கம்போடியச் சாப்பாட்டைப் பற்றிக் கேள்விப்பட்டே இராத ஒருவர், உடன் வந்தவர் துணிந்து மீன் கேட்கும்போது, தான் ஒரு ஸ்டேக்கை வாங்கிக்கொண்டு தப்பிக்கலாம் அல்லவா? அது சரிதான். ஆனால் பாதிதான். புனோம் பென்னில் அதிகாரிகள், தூதர்கள், வழக்கறிஞர்கள், பிரெஞ்சு மொழியில் படித்த குடும்பங்கள் என்று ஒரு சிறிய வட்டம் இருந்தது. சிசோவத் லிசே என்ற பள்ளியில் படித்துவிட்டுப் பாரிசுக்குப் போய்த் திரும்பியவர்களின் வட்டம். அவர்களுக்கு இரண்டுமே வீட்டுச் சாப்பாடு. காலையில் ரொட்டியும் காப்பியும், மத்தியானம் சோறும் புளித்த குழம்பும், விருந்தாளி வந்தால் ராத்திரி வெண்ணெயில் வதக்கிய இறைச்சி. இன்றைக்கு உலகத்தில் எங்கே இந்த இரட்டை மெனுவைப் பார்த்தாலும், கம்போடியா முழுவதும் சாப்பிட்டது இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். அது ஒரு வர்க்கத்தின் ஞாபகம். அந்த வர்க்கத்தைக் குறிவைத்து ஓர் ஆட்சி வந்தது, தப்பியவர்களில் சிலர் கரண்டியைப் பிடித்தார்கள். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் சாப்பாட்டுப் பேச்சு.

பிரெஞ்சுக்காரர்கள் கம்போடியாவில் இருந்தது 90 வருஷம். 1863இல் மன்னர் நொரோடோம் பாதுகாப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார், 1953 நவம்பரில் சிஹானுக் காலத்தில் விடுதலை வந்தது. இந்த 90 வருஷமும் வந்த துரைகள் கெமர் சமையலை ரசித்துச் சாப்பிட்டார்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் தங்கள் சாப்பாட்டை டப்பாவில் கொண்டுவந்தார்கள். நார்மண்டி வெண்ணெய் தகர டப்பாவில் கடல் தாண்டி வந்தது. பட்டாணி டப்பாவில், பால் டப்பாவில். வெப்ப நாட்டுச் சாப்பாடு வெள்ளைக்காரன் உடம்பைக் கெடுத்துவிடும் என்ற பயம் வேறு. புதுச்சேரிக்காரர்கள் தெரிந்துகொள்ள ஒரு செய்தி: இந்தோசீனாவுக்குப் போன நம் ஆட்களில் குமாஸ்தாக்கள், போலீஸ்காரர்கள், லேவாதேவி செய்த செட்டியார்கள் இருந்தது உங்களுக்குத் தெரியும். சைகோனில் மாடு கட்டிப் பால் ஊற்றிய தமிழர்களும் இருந்தார்கள். பாலைப் பழக்கமாகக் குடிக்காத ஊரில் துரைமார் வீட்டுக்குப் பச்சைப் பால் போனதில் நம் பங்கும் உண்டு.

மேலிருந்து யாரும் கெமர் மக்களுக்குப் பிரெஞ்சுச் சமையல் சொல்லிக்கொடுக்கவில்லை. சமையல்கட்டு வழியாகவும் சந்தை வழியாகவும் சாமான்கள்தான் கீழே இறங்கின. ரொட்டி இறங்கியது. காப்பி இறங்கியது. உருளைக்கிழங்கு, கேரட், சாலட் இலை, ஈரல் பசை எல்லாம் இறங்கின. இறங்கிய பிறகு அவை யார் பேச்சையும் கேட்கவில்லை. நீள ரொட்டியைப் பிளந்து ஈரல் பசை தடவி, பன்றி இறைச்சித் துண்டு, ஊறவைத்த பப்பாளிக் கீற்று, மிளகாய் எல்லாம் திணித்து ‘நும் பாங்’ என்று தெருவண்டியில் விற்றார்கள், இன்றும் விற்கிறார்கள். காப்பியில் டப்பாப் பாலை அடியில் ஊற்றினார்கள். இதை எந்த உணவகத்து மெனுவிலும் கலப்புச் சமையல் என்று விளம்பரப்படுத்துவதில்லை. கலப்பு முடிந்துபோன விஷயத்துக்கு விளம்பரம் எதற்கு?

மாட்டிறைச்சி கொஞ்சம் தனிக்கதை. கெமர் உழவனுக்கு மாடு ஏருக்கும் வண்டிக்கும். அன்றாடக் கறி மீன். மாட்டிறைச்சித் துண்டை வெண்ணெயிலோ எண்ணெயிலோ சட்டென்று வாட்டித் தின்பது நகரத்துக்கு வந்த மோஸ்தர். அதன் கெமர் வடிவம்தான் ‘லோக் லாக்’. வியட்நாமிலும் இதே உணவு உண்டு, அங்கிருந்து வந்தது என்பார்கள், சண்டைக்கு நான் போகவில்லை. புனோம் பென்னில் ஆற்றங்கரைப் பக்கம் ஓர் இரட்டை மெனு உணவகத்தில் இதை வாங்கினேன். தட்டில் சாலட் இலை விரிப்பு, அதன்மேல் தக்காளி வில்லை, வெங்காய வளையம். சதுரமாக நறுக்கிய இறைச்சி பழுப்பு ரசத்தோடு மேலே. உச்சியில் மஞ்சள் கரு கலங்காத பொரித்த முட்டை. பக்கத்தில் சோறு. இன்னொரு பக்கம் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சின்னக் கிண்ணம். கிண்ணத்தில் உப்பும் இடித்த மிளகும் காய்ந்தே இருக்கின்றன. பரிமாறுகிற பெண் ஓர் எலுமிச்சைத் துண்டை எடுத்து நம் கண்ணெதிரே அதில் பிழிந்தாள். காய்ந்த பொடி கறுப்புக் குழம்பாகிறது. மிளகின் வாசனை அந்த நொடியில்தான் கிளம்புகிறது. முன்கூட்டியே கலக்கி வைத்திருந்தால் அது வராது. இதற்கு ‘துக் மெரிச்’ என்று பெயர். இறைச்சியை அதில் தோய்த்துத் தின்றால் இறைச்சி வெறும் சாக்கு என்று தோன்றும்.

அந்த மிளகு கம்போட் மிளகு. தெற்கே கடலோர மாகாணம் கம்போட். ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் அங்கே கொடி நட்டுப் பிழைத்தார்கள். சுமத்ராவின் ஆச்சே பகுதியில் 1873இல் டச்சுக்காரர்களோடு சண்டை மூண்ட பிறகு மிளகுத் தொழில் கம்போட் பக்கம் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சின் சமையலறைகளில் இந்த மிளகுக்கு நல்ல மரியாதை. கெமர் ரூஜ் காலத்தில் தோட்டங்கள் பாழாயின. நெல் நடுகிற கையில் மிளகுக்கொடிக்கு இடமில்லை என்பது அவர்கள் கொள்கை. பிறகு மெல்ல மெல்ல மீட்டெடுத்தார்கள். 2010இல் கம்போடியாவில் புவிசார் குறியீடு, 2016இல் ஐரோப்பிய ஒன்றியத்திலும் அதே பாதுகாப்பு.

மெனு அட்டையின் மடிப்பு கொஞ்சம் தளர்கிற இடம் இந்த மிளகு. பிரெஞ்சுப் பக்கத்தில் ஸ்டேக் மீது ஊற்றும் கிரீம் சாஸில் அதே மிளகு வேகிறது. கெமர் பக்கத்தில் அது வேகாமல் எலுமிச்சைச் சாற்றில் கிடக்கிறது. ஒரே கொடியின் காய். கிரீமில் அது சாந்தமாகி, பின்னால் நின்று சூடு காட்டும். எலுமிச்சையில் முகத்துக்கு நேரே வரும். இரண்டையும் ஒரே மேசையில் வாங்கிவைத்துச் சுவைத்துப் பார்க்கலாம், எந்தப் புத்தகமும் இவ்வளவு தெளிவாக இரண்டு சமையலின் குணத்தையும் சொல்லாது. பச்சை மிளகைக் கொத்தோடு போட்டு நண்டு வறுப்பது கம்போட், கெப் கடற்கரைச் சமையல். அது இருந்தால் ஸ்டேக்கை விட்டுவிடுங்கள்.

அடுத்தது பரிமாறும் ஒழுங்கு. எனக்கு இதில்தான் ருசி அதிகம்.

கெமர் வீட்டில் சாப்பாடு என்றால் சோறு நடுவில். சுற்றிலும் ஒரு ‘சம்லோர்’, அதாவது குழம்புக்கும் சாறுக்கும் இடைப்பட்ட ஒன்று, சுட்ட மீனோ வறுத்த மீனோ ஒன்று, தொட்டுக்கொள்ள ஒன்று, பச்சைக் காய், கீரை, வாழைப்பூ. எல்லாம் ஒரே சமயத்தில் வரும், எல்லாருக்கும் பொது. இடக்கையில் முள்கரண்டி, வலக்கையில் கரண்டி. முள்கரண்டி சோற்றைக் கரண்டிக்குத் தள்ளிக்கொடுக்கும், வாய்க்குப் போகாது. புளிப்பை உப்பு சமன் செய்யும், உப்பைப் பச்சைக்காய் சமன் செய்யும். ஒவ்வொரு கவளமும் நீங்களே சேர்த்துக்கொள்கிற கணக்கு.

பிரெஞ்சு ஒழுங்கு வேறு. ஒன்று முடிந்தால் ஒன்று. தொடக்கம், நடுத்தட்டு, பாலாடைக்கட்டி, இனிப்பு. ஒவ்வொருவருக்கும் அவரவர் தட்டு. சமன் செய்யும் பொறுப்பு சமையற்காரருடையது, நீங்கள் கத்தியை எடுத்தால் போதும்.

இரட்டை மெனு உணவகத்தில் இந்த இரண்டு ஒழுங்கும் மோதுகின்றன, பெரும்பாலும் பிரெஞ்சு ஒழுங்கு ஜெயித்துவிடுகிறது. நான் சொன்ன அதே புனோம் பென் உணவகத்தில் ‘சம்லோர் மச்சு’ என்ற புளிப்புச் சாற்றைத் தொடக்கம் என்று தனியாக, அழகான வெள்ளைக் கோப்பையில் கொண்டுவந்து வைத்தார்கள். சோறு இல்லை. ரசத்தை முதலில் கொடுத்துவிட்டு, சாதத்தைக் கால் மணி கழித்து வேறு தட்டில் கொண்டுவந்தால் நமக்கு எப்படி இருக்கும்? புளியும் மீனும் வள்ளைக்கீரையும் சேர்ந்த அருமையான சாறு, தனியாகக் குடிக்கக் கண்ணில் நீர் வரும் புளிப்பு. அது சோற்றுக்காகச் செய்தது. பரிமாறுகிற பெண்ணிடம் “சோறும் மற்றதும் ஒன்றாகவே வரட்டும்” என்றதும் அவள் முகம் மலர்ந்தது. சமையலறையிலும் அவர்கள் அப்படித்தானே சாப்பிடுவார்கள்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்த ‘ஒன்றன்பின் ஒன்று’ பிரான்சின் ஆதிப் பழக்கம் கிடையாது. பழைய பிரெஞ்சு விருந்தில் ஒரே ஈடாகப் பல பாத்திரங்களை மேசை முழுக்கப் பரப்புவார்கள், எட்டுகிறதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். வரிசையாகப் பரிமாறுவதற்குப் பெயரே ருஷ்ய முறை. நெப்போலியன் காலத்தில் பாரிசில் ருஷ்யத் தூதராக இருந்த குராகின் இளவரசர்தான் அதை அறிமுகப்படுத்தினார் என்று சொல்வார்கள். 1860கள் வாக்கில்தான் அது பிரெஞ்சு உணவகங்களில் நிலைபெற்றது. அதே பத்தாண்டில்தான் பிரெஞ்சுக் கப்பல் கம்போடியாவுக்கு வந்தது. தாங்களே புதிதாகக் கற்றுக்கொண்ட ஒழுங்கைக் காலங்காலமான நாகரிகம் என்று அடுத்தவன் மேசையில் வைத்தார்கள். கெமர் வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்து ‘ஒழுங்கில்லை’ என்று எழுதிய துரைகளுடைய பாட்டனார் காலத்து விருந்து ஏறக்குறைய அப்படித்தான் இருந்திருக்கும்.

கெமர் பக்கத்தின் நட்சத்திரம் ‘அமோக்’. எந்த ஊரில் எந்த உணவகமானாலும் இது இருக்கும். அடிப்படை ‘க்ரோங்’ என்ற அரைத்த மசாலா: எலுமிச்சைப்புல், பேரரத்தை, பச்சை மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம், ஒருவகை எலுமிச்சையின் தோலும் இலையும். மிக்சியில் அரைத்தால் எலுமிச்சைப்புல் நாராகப் பல்லில் மாட்டும். உரலில் இடித்தால்தான் பசையாகும். இந்தப் பசையைத் தேங்காய்ப்பாலில் கரைத்து, மீனும் முட்டையும் சேர்த்து, வாழையிலைத் தொன்னையில் நுணா இலையை அடியில் போட்டு ஆவியில் வைப்பார்கள். சரியாக வெந்தால் கரண்டியால் வெட்டி எடுக்கலாம், குழம்பாக ஓடாது. மேலே கெட்டித் தேங்காய்ப்பால் ஒரு கரண்டி, சிவப்பு மிளகாய் நூல் நூலாக. ஓடுகிற அமோக் வந்தால் அந்தச் சமையலறையில் அவசரம் என்று அர்த்தம்.

இவ்வளவு உணவு இருக்க, அமோக் மட்டும் ஏன் நாட்டின் அடையாளமாக வெளியே போயிற்று? என் கணிப்பைச் சொல்கிறேன். பிரெஞ்சு நாக்குக்கு இது தெரிந்த பண்டம். மீனை மசித்து முட்டை சேர்த்து மிருதுவாக வேகவைப்பது லியோன் நகரத்துக் கெனெலில் உண்டு. காரம் குறைவு, முள் இல்லை, தனித்தனிக் கிண்ணம். மேசையில் வந்து உட்கார எல்லாத் தகுதியும் உண்டு. வாசலிலேயே நிறுத்தப்பட்ட பண்டம் வேறொன்று.

அது ‘ப்ரஹோக்’. டோன்லே சாப் ஏரியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மழைக்காலத்தில் மேகோங் பெருகும்போது, ஏரியிலிருந்து வெளியேற வேண்டிய ஆறு திசை மாறி ஏரிக்குள் ஓடும். கோடையில் 2,500 சதுர கிலோமீட்டராகக் கிடக்கும் ஏரி மழை முடிவில் ஐந்தாறு மடங்காக விரியும். மூழ்கிய காட்டுக்குள் மீன் பெருகும். தண்ணீர் வடியும்போது மீன் கூட்டம் கூட்டமாக ஆற்றில் இறங்கும். டிசம்பர், ஜனவரியில் கரையெல்லாம் மீன். சின்ன மீனைத் தலை கிள்ளி, மிதித்துக் கழுவி, காயவைத்து, உப்பிட்டு ஜாடியில் மூடினால் மாதக்கணக்கில் புளித்துச் சாம்பல் நிறச் சேறாகும். அதுதான் ப்ரஹோக். ஏழைக்கு வருஷம் முழுக்க அதுதான் புரதம், அதுதான் உப்பு. பிரெஞ்சுக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைக் கம்போடியப் பாலாடைக்கட்டி என்றார்கள். தங்கள் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியின் நீலப் பூசணத்தை வாசனை என்று முகர்கிறவர்கள் இப்படிச் சொன்னது எனக்குப் பாராட்டாகவே படுகிறது.

இரட்டை மெனு உணவகத்தில் உட்கார்ந்ததும் நான் தேடுவது ப்ரஹோக். தேங்காய்ப்பாலும் பன்றிக் கொத்துக்கறியும் சேர்த்து, பச்சைக் கத்தரிக்காயும் முட்டைக்கோஸும் தோய்த்துத் தின்னும் ‘ப்ரஹோக் க்திஸ்’ இருக்கிறதா? இருந்தால் அந்தக் கடைக்காரர் சமையலறையைப் பற்றி வெட்கப்படவில்லை. மெனுவிலிருந்து அதை எடுத்துவிட்டு, சம்லோரில் மட்டும் ஒளித்துப் போடுகிற கடைகள் உண்டு. போடாமலே சமைக்கிற கடைகளும் உண்டு. அங்கே கெமர் பக்கத்தைவிடப் பிரெஞ்சுப் பக்கம் நன்றாயிருக்கும், அதையே வாங்கிக்கொள்ளலாம்.

1975ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், நீட்டிச் சொல்ல எனக்கு மனமில்லை. ஏப்ரல் 17 அன்று நகரம் விழுந்ததும் மக்களைக் கிராமங்களுக்கு விரட்டினார்கள். பிறகு தனி அடுப்பே தடை. பொதுக் கூடத்தில் எல்லாருக்கும் நீர்க்கஞ்சி. தட்டுமுட்டுச் சாமான்கள் பறிபோயின. பசியில் தானாக ஒரு தவளையைப் பிடித்துச் சுட்டவன் குற்றவாளி. நெல் விளைந்த நாட்டில் பட்டினி. 1979 ஜனவரிக்குள் 15 முதல் 20 லட்சம் பேர் இறந்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் மதிப்பீடு. சமையல் குறிப்பு வாய்வழியாகப் போகிற சமூகம் அது. பாட்டி போனால் அவள் கைப்பக்குவமும் போயிற்று. பிரெஞ்சுச் சமையலுக்கு அந்த ஆபத்து இல்லை, அது அச்சில் இருந்தது.

அதனால்தான் ரொட்டனக் ரோஸ் என்ற சமையற்கலைஞர் இன்று ஊர் ஊராகப் போய் வயதானவர்களிடம் கேட்டுக் குறிப்பெடுப்பது எனக்குப் பெரிய காரியமாகப் படுகிறது. அவருடைய ‘ஞும்’ புத்தகம் 2019இல் வந்தது. இன்னொரு பக்கம், ஜோவானஸ் ரிவியேர் என்ற பிரெஞ்சுக்காரர் 2011இல் சியம் ரீப் நகரில் ‘குஸீன் வாட் டாம்நாக்’ என்று ஓர் உணவகம் தொடங்கினார். உள்ளூர்ச் சந்தையில் கிடைக்கிற கீரை, பூ, ஆற்று மீனை வைத்துக் கெமர் சமையல். வரிசை மட்டும் பிரெஞ்சு வரிசை. ஆசியாவின் 50 சிறந்த உணவகங்கள் பட்டியலில் 2015இல் இடம்பெற்றது, கம்போடியாவிலிருந்து அந்தப் பட்டியலில் நுழைந்த முதல் உணவகம் அதுதான். கெமர் சமையலுக்கு உலகப் பட்டியலில் இடம் வாங்கித்தர ஒரு பிரெஞ்சுக்காரர் தேவைப்பட்டார் என்று அலுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அலுப்பு நியாயம். ஆனாலும் 90 வருஷம் டப்பாவைத் திறந்து தின்ற ஊரிலிருந்து வந்த ஒருவர் சந்தைக்கு நடந்து போனாரே, அதையும் கணக்கில் வைக்க வேண்டும்.

கடைசியாக, இப்படி ஓர் உணவகத்துக்குப் போகிறவர்களுக்கு. தனியாகப் போகாதீர்கள், கெமர் பக்கம் கூட்டத்துக்கானது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவரச் சொல்லுங்கள். இனிப்புக்குப் பிரெஞ்சுப் பக்கம் போகலாம், கிரெம் புருலேயைப் பனைவெல்லத்தில் செய்கிற இடமானால் கட்டாயம் போகலாம். கம்போங் ஸ்பூ மாகாணத்துப் பனைவெல்லத்துக்கும் புவிசார் குறியீடு உண்டு. பனைதான் அந்நாட்டின் தேசிய மரம், பனையின் அருமையை நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

உட்கார்ந்ததும் ரொட்டிக் கூடையும் வெண்ணெயும் வரும். பசியில் அதில் கை வைத்துவிடாதீர்கள். கெமர் பக்கத்தில் ‘சம்லோர் காரி’ என்று ஒன்று இருக்கும்: கோழி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு, தேங்காய்ப்பால், செக்கச்சிவந்த குழம்பு. கல்யாணத்திலும் திருநாளிலும் கம்போடியர்கள் அதைச் சோற்றோடு சாப்பிடுவதைவிட ரொட்டியைப் பிய்த்துத் தோய்த்துச் சாப்பிடுவதுதான் வழக்கம். பரிமாறுகிறவர் ரொட்டிக் கூடையைப் பிரெஞ்சுப் பக்கம் வாங்கியவருக்கு என்று நினைத்து எடுத்துக்கொண்டு போகப் பார்ப்பார். விடாதீர்கள். வெண்ணெயை வேண்டுமானால் கொடுத்து அனுப்புங்கள்.